சுரண்டும் முன் எடை போடுங்கள்: கையில் கிடைத்த படிகத்தை எப்படி அடையாளம் காண்பது?

ஐப்பசி மழை இரண்டு நாள் அடித்து ஓய்ந்த மறுநாள் காலை, காங்கயத்துக்கும் கரூருக்கும் இடைப்பட்ட மேட்டுக்காடுகளில் நடந்தால் தரை மினுங்கும். உழுத மண்ணை மழை கழுவி விட்டிருக்கும். வெயில் சாய்வாக விழும் அந்த ஒரு மணி நேரத்தில் மண்ணில் கிடக்கும் கல்லெல்லாம் தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். பெரும்பாலும் வெங்கச்சங்கல், அதாவது வெள்ளைக் குவார்ட்ஸ். கொஞ்சம் காக்காப்பொன் என்னும் மைக்கா. எப்போதாவது, பல நாள் வெறுங்கையோடு திரும்பிய பிறகு, சுண்டுவிரல் தடிமனில் ஆறு பக்கம் வைத்த ஒரு துண்டு, நீலமா பச்சையா என்று சொல்ல முடியாத வெளிர் நிறத்தில் கையில் சிக்கும்.

உடனே எழும் கேள்வி, இது என்ன கல்? அடுத்ததாக நம்மில் பலரும் செய்வது, எதிலாவது உரசிப் பார்ப்பது. இருபது வருடத்துக்கு முன் நானும் அதைத்தான் செய்தேன். எனக்குக் கிடைத்த முதல் நல்ல படிகத்தின் தட்டையான உச்சியை ஒரு குருந்தத் துண்டால் கீறினேன் (கெம்பும் நீலக்கல்லும் குருந்த இனம்தான்). கீறல் விழுந்தது. அதிலிருந்து எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: இந்தக் கல் குருந்தத்தைவிட மென்மையானது. வைரத்தையும் அதன் அருகே நிற்கும் மிகச் சில பொருட்களையும் விட்டால் உலகத்தில் உள்ள எல்லாக் கல்லும் குருந்தத்தைவிட மென்மையானதுதான். எந்தப் பயனும் இல்லாத அந்தத் தகவலுக்கு விலையாக, பூமிக்குள் பல கோடி வருடம் பழுதில்லாமல் கிடந்த ஒரு முகம் போனது. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தக் கீறல்தான்.

கிடைத்த படிகம் எதுவென்று தெரிந்துகொள்ள நம் பக்கத்தில் இருப்பவருக்கு ஐந்து வழிகள் உண்டு. படம் எடுத்துக் கேட்கலாம். கல் வியாபாரியிடமோ பட்டை தீட்டுகிறவரிடமோ காட்டலாம். வீட்டிலேயே சோதிக்கலாம். ரத்தினப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பலாம். ஏதாவது ஒரு கல்லூரியின் ஜியாலஜி துறையை அணுகலாம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதல் நாள் செய்ய வேண்டியது வீட்டுச் சோதனை. அதிலும் கீறுவதல்ல, எடை போடுவது. மற்ற நான்கும் அதற்குப் பிறகுதான்.

எந்த வழியில் போனாலும் அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. கல் கிடைத்த இடத்தை அங்கேயே, அப்போதே எழுதி வையுங்கள். எந்த ஊர், எந்தக் காடு, வெள்ளைப் பாறைக் கீற்றுக்குப் பக்கத்திலா, ஓடை மணலிலா, கிணறு வெட்டிய மண்ணிலா என்ற விவரமே பாதி அடையாளம். காங்கயம் பக்கத்துப் பாறைகளுக்கு நடுவே பெக்மடைட் என்னும் வெளிர் நிறக் கீற்றுகள் ஓடுகின்றன. அவற்றில் வெங்கச்சங்கல்லும் ஃபெல்ட்ஸ்பாரும் காக்காப்பொன்னும் பெரிலும் சேர்ந்து விளைகின்றன. வெளிர்நீலப் பெரிலைத்தான் அக்வாமரைன் என்கிறோம். அதே ஆறு பக்கமுள்ள துண்டு நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில், இளஞ்சிவப்பாகக் கிடைத்தால் முதலில் நினைக்க வேண்டியது குருந்தம். சந்திராயன் திட்டத்துக்காகச் செயற்கை நிலவு மண் செய்ய இஸ்ரோ எடுத்துச் சென்ற அனார்தொசைட் பாறை அந்த வட்டாரத்துப் பாறைதான். மகாராஷ்டிரத்தில் ஜல்கான், நாசிக் பக்கத்து எரிமலைப் பாறைப் பொந்துகளில் கூரான, நிறமற்ற படிகம் கிடைத்தால் அது அபோஃபிலைட்டாக இருக்கலாம். நம் ஊரில் அதே தோற்றம் என்றால் பெரும்பாலும் குவார்ட்ஸ். இலங்கையின் இரத்தினபுரியில் மட்டும் இந்தக் கணக்கு எளிதில் எடுபடாது. அங்கே ஆற்றுச் சரளைக்குள் நீலக்கல், ஸ்பினல், கார்னெட், சிர்கான், டோபாஸ் எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடக்கும்.

இந்த மண்ணுக்கும் கல்லுக்கும் உள்ள உறவு பழையது. நொய்யல் கரையில் கொடுமணலில் நடந்த அகழாய்வில் பெரில், நீலக்கல், பளிங்கு (தெளிந்த குவார்ட்ஸ்), கார்னெட் ஆகியவற்றில் மணி செய்த பட்டறைகளின் தடயங்கள் கிடைத்தன. காங்கயத்தை அடுத்த படியூர் பெரிலுக்குப் பேர்போன ஊர். பெரில் இந்தியாவில் விளைவது, வேறெங்கும் அரிது என்று முதலாம் நூற்றாண்டிலேயே ரோமானியரான பிளினி எழுதி வைத்தார். அதனால் உங்களுக்குக் கிடைப்பது இயற்கைப் படிகமாக இல்லாமல், துளையிட்ட அல்லது பாதி செதுக்கிய மணியாகவும் இருக்கலாம். அப்படி இருந்தால் அதை எடுக்காதீர்கள். கிடந்த இடத்தோடு சேர்த்துத் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். இடம் மாறிவிட்டால் அந்த மணி சொல்ல வந்த செய்தியில் பெரும்பகுதி போய்விடும். இயற்கைக் கல்லாக இருந்தாலும் காட்டுக்காரரிடம் கேட்டுவிட்டே பொறுக்குங்கள். தோண்டுவது வேறு விஷயம். அதற்கு அரசு அனுமதி வேண்டும்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

படம் எடுத்துக் கேட்பதுதான் இன்றைக்கு எல்லோரும் முதலில் செய்வது. செலவில்லை, பதிலும் உடனே வந்துவிடும். ஆனால் படத்தில் முந்திக்கொண்டு தெரிவது நிறம். படிகத்தை அடையாளம் காண்பதில் நிறத்தைப் போல ஏமாற்றும் குணம் வேறில்லை. ஊதா என்றால் செவ்வந்திக்கல்லாகவும் இருக்கலாம், ஃப்ளூரைட்டாகவும் இருக்கலாம். சிவப்பு என்றால் கெம்பு, கார்னெட், ஸ்பினல் மூன்றும் வரிசையில் நிற்கும். வெளிர்நீலம் என்றால் பழைய உலைகளில் உருகி இறுகிய கசடுக் கண்ணாடிகூட அக்வாமரைன் போலத் தெரியும். எனவே படத்தை வைத்து வரும் பதிலைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாமல், இன்னின்னதாக இருக்கலாம் என்ற பட்டியலாக எடுத்துக்கொண்டால் அதற்கும் பயன் உண்டு. கல்லைக் கழுவி, வெள்ளைத் தாளில் வைத்து, பக்கத்தில் ஒரு நாணயமும் வைத்து, உச்சி, அடி, பக்கம் என்று நான்கைந்து கோணத்தில் எடுங்கள். ஒட்டிக்கொண்டிருக்கும் தாய்ப்பாறையை வெட்டிவிட்டு எடுக்காதீர்கள். விவரம் தெரிந்தவர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

வியாபாரிக்கு உள்ள பலம் வேறு. முப்பது வருடம் ஒரே வட்டாரத்துக் கல்லைக் கையில் உருட்டியவரின் கண்ணை நான் மதிக்கிறேன். எந்தக் காட்டுக் கல் என்பதைக்கூடச் சிலர் சரியாகச் சொல்லிவிடுவார்கள். ஆனால் வாங்கப் போகிறவரே பெயரையும் சொல்கிறார் என்பதை மறக்கக் கூடாது. எங்கள் உறவில் ஒரு பெரியப்பா, கிணற்று மண்ணில் கிடைத்த ஒரு கல்லைக் காட்டியபோது, "வெறும் பளிங்குங்க" என்ற பதிலோடு ஒரு சின்னத் தொகை கிடைத்தது. அது பளிங்காகவே இருந்திருக்கலாம். எதுவாக இருந்ததென்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. ஏனென்றால் கொடுக்கும் முன் யாரும் அதை எடை போடவில்லை.

பெயர்ச் சிக்கல் இன்னொன்று. சந்தையின் பெயரும் கனிமத்தின் பெயரும் ஒன்றல்ல. புஷ்பராகம் என்ற ஒரே பெயர் மஞ்சள் குருந்தத்துக்கும் வழங்குகிறது, டோபாஸுக்கும் வழங்குகிறது. மஞ்சள் குவார்ட்ஸை டோபாஸ் என்று விற்கிறவர்களும் உண்டு. அதே அளவு தண்ணீரைவிடக் கல் எத்தனை மடங்கு கனம் என்று சொல்லும் எண்தான் ஒப்படர்த்தி. இந்த மூன்றுக்கும் அது முறையே 4.0, 3.53, 2.65. தராசில் வைத்தால் எட்ட எட்ட நிற்கிற கற்கள் சந்தையில் ஒரே பெயரில் வந்துவிடுகின்றன. இதை ஏமாற்று என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அவர்களுக்கென்று ஒரு மொழி இருக்கிறது. அதில் கேட்டால் அதில்தான் பதில் வரும்.

வாங்குகிறவரைவிடப் பட்டை தீட்டுகிறவரிடம் கேட்பதையே நான் விரும்புவேன். திருச்சியில் செயற்கைக் கற்களுக்குப் பட்டை தீட்டும் குடும்பங்கள் தலைமுறையாக இருக்கின்றன. கூலி கொடுத்துவிட்டால் அவருக்கு உங்கள் கல்லின் பெயரில் ஆதாயம் எதுவும் இல்லை. கல் சாணையில் எப்படித் தேய்கிறது என்பதை அவர் விரல் சொல்லும். ஒரே ஒரு சிறிய முகத்தை மட்டும் மெருகேற்றித் தரச் சொன்னால் உள்ளே பார்க்க ஒரு ஜன்னலும் கிடைக்கும். ஆனால் முழு வடிவோடு உள்ள படிகத்தை மட்டும் சாணைப் பக்கமே கொண்டு போகாதீர்கள். உடைந்த துண்டுக்குத்தான் இந்த வழி.

இனி வீட்டுச் சோதனை. இதற்குத் தேவை 0.01 கிராம் வரை காட்டும் ஒரு சின்ன எலக்ட்ரானிக் தராசு, ஒரு லென்ஸ், ஒரு போலராய்டு கூலிங் கிளாஸ், கொஞ்சம் வினிகர். தராசு ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும்.

முதலில் லென்ஸை வைத்து வடிவத்தைப் பாருங்கள். குவார்ட்ஸும் பெரிலும் இரண்டுமே ஆறு பக்கப் பட்டகம், பக்கங்களுக்கு இடையே இரண்டிலும் 120 பாகை. ஒரே கனிமத்தின் படிகங்களில் ஒத்த முகங்களுக்கு இடையே உள்ள கோணம் மாறாது என்று 1669இல் ஸ்டெனோ கண்டு சொன்ன விதி நமக்குப் பெரிய துணைதான், ஆனால் இந்த இரண்டையும் பிரிக்க அது உதவாது. உச்சியைப் பாருங்கள். குவார்ட்ஸ் கூம்பாகக் கூர்ந்து முடியும், பெரில் பெரும்பாலும் பென்சிலை வெட்டியது போலத் தட்டையாக முடியும். பக்கங்களில் உள்ள மெல்லிய கோடுகளைப் பாருங்கள். குவார்ட்ஸில் குறுக்கே ஓடும். பெரிலில் கோடு இருந்தால் நீளவாக்கில் ஓடும். டூர்மலினிலும் நீளவாக்குதான், ஆனால் அதைக் குறுக்காகப் பார்த்தால் பக்கம் புடைத்த முக்கோணம் போல இருக்கும். உச்சியும் கோடும் தேயாமல் கிடைத்துவிட்டால் தராசே வேண்டாம். ஆனால் வயலில் கிடைப்பதில் முக்கால்வாசி உச்சி உடைந்தும் பக்கம் தேய்ந்தும்தான் இருக்கும்.

அங்கேதான் எடை வருகிறது. முறை சுலபம். கல்லை அப்படியே தராசில் வைத்து எடை எடுங்கள். அப்புறம் தராசில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். கல்லை மெல்லிய தூண்டில் நரம்பில் கட்டி, டம்ளரின் அடியையும் பக்கத்தையும் தொடாமல், முழுவதும் முழுகும்படி தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். நரம்பைப் பிடித்திருப்பது உங்கள் கை, எனவே தராசு இப்போது காட்டுவது கல்லின் எடை அல்ல, கல் விலக்கிய தண்ணீரின் எடை. முதல் எண்ணை இரண்டாவது எண்ணால் வகுத்தால் ஒப்படர்த்தி கிடைத்துவிடும்.

என்னிடம் உள்ள ஒரு துண்டைச் சொல்கிறேன். காற்றில் 18.42 கிராம். தண்ணீரில் தராசு காட்டியது 6.78. வகுத்தால் 2.72. அது குவார்ட்ஸாக இருந்திருந்தால் இரண்டாவது எண் 6.95 வந்திருக்க வேண்டும். 0.17 கிராம் வித்தியாசத்தை இந்தத் தராசு நிதானமாகக் காட்டும். டோபாஸ் என்றால் 5.22, குருந்தம் என்றால் 4.6 அளவில் வந்திருக்கும். பெரிலின் ஒப்படர்த்தி ஏறக்குறைய 2.68 முதல் 2.75 வரை. கல்லில் ஒரு கீறல்கூட விழாமல் குவார்ட்ஸும் டோபாஸும் குருந்தமும் ஒரே நேரத்தில் வெளியேறிவிட்டன.

கைப்பழக்கம் வரும்வரை தவறு நேரும், அதனால் முதலில் தெரிந்த கல்லில் பழகுங்கள். அதே காட்டில் எடுத்த, கறையில்லாத ஒரு வெங்கச்சங்கல்லைத் தொங்கவிட்டால் 2.65 வர வேண்டும். 2.58 என்று வந்தால் பெரும்பாலும் கல்லில் காற்றுக் குமிழி ஒட்டியிருக்கிறது. தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பைக் கலந்து, கல்லைப் பழைய பிரஷ்ஷால் தண்ணீருக்குள்ளேயே தடவிவிட்டால் போய்விடும். தாய்ப்பாறை ஒட்டிய கல்லுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ரொம்பச் சின்னக் கல்லுக்கும் பொருந்தாது. ஒரு கிராம் குவார்ட்ஸ் விலக்கும் தண்ணீர் 0.377 கிராம், ஒரு கிராம் பெரில் விலக்குவது 0.368. இந்த வித்தியாசம் தராசின் ஒரு படிக்குள் அடங்கிவிடும். குவார்ட்ஸையும் பெரிலையும் பிரிக்க, ஐந்து கிராமுக்குக் கீழ் உள்ள கல்லில் இந்த எண்ணை நான் நம்ப மாட்டேன்.

2.72 வந்துவிட்டதால் அது பெரில்தான் என்று எழுதிவிடலாமா? இன்னும் கூடாது. சுண்ணாம்புக்கல்லின் கனிமமான கால்சைட்டின் ஒப்படர்த்தி 2.71. எண் இங்கே வழிவிட்டு ஒதுங்கிக்கொள்ள, வினிகர் வேலைக்கு வருகிறது. கல்லிலிருந்து ஏற்கெனவே உதிர்ந்த துகளை நுணுக்கி அதன்மேல் ஒரு சொட்டு விட்டால் கால்சைட் மெல்லக் குமிழிவிடும். பெரில் அசையாது. உடைந்த இடமும் சொல்லிவிடும். கால்சைட் சாய்ந்த பெட்டி பெட்டியாகப் பிளக்கும், பெரில் சிப்பியின் உட்புறம் போல வளைந்து உடையும். ஃபெல்ட்ஸ்பார் வகைகள் சிலவும் இதே எண்ணுக்குப் பக்கத்தில் வரும். அவற்றைத் திருப்பிப் பார்த்தால் ஏறக்குறைய செங்கோணத்தில் சந்திக்கும் இரண்டு பிளவுத் தளங்கள் பளிச்சென்று மின்னும்.

கூலிங் கிளாஸுக்கு வருவோம். லேப்டாப் திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, போலராய்டு கண்ணாடியை அதன்முன் பிடித்துச் சுழற்றுங்கள். ஒரு கோணத்தில் திரை இருண்டுவிடும். அந்த நிலையில் திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒளி ஊடுருவும் கல்லை வைத்துத் திருப்புங்கள். குவார்ட்ஸ், பெரில், டோபாஸ், கெம்பு எல்லாம் ஒரு முழுச் சுற்றில் நான்கு முறை ஒளிர்ந்து நான்கு முறை இருளும். கண்ணாடி, கார்னெட், ஸ்பினல், ஃப்ளூரைட் ஆகியவை இருண்டே இருக்கும், அல்லது உள்ளிறுக்கத்தால் திட்டுத் திட்டாக லேசாகத் தெரியும். கல்லை இரண்டு மூன்று திசைகளில் வைத்துப் பாருங்கள். குவார்ட்ஸ் போன்றவற்றை உச்சி வழியாகப் பார்த்தால் இந்த ஏற்ற இறக்கம் தெரியாமல் போகும். கார்னெட்டின் ஒப்படர்த்தி வகைக்கு வகை மாறும், சிவப்புக் கார்னெட்டும் கெம்பும் தராசில் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும். தராசு கைவிடும் அந்த இடத்தில் இந்தச் சோதனை கைகொடுக்கும். நம் பக்கம் கிடைக்கும் அயோலைட்டுக்கு இதுகூட வேண்டாம். வெயிலில் சும்மா திருப்பினாலே ஒரு பக்கம் ஊதாநீலமாகவும் இன்னொரு பக்கம் வெளிறிய மஞ்சள் சாம்பலாகவும் தெரியும். அதை நீலக்கல் என்று வாங்கி ஏமாறாமல் இருக்க அந்த ஒரு திருப்பல் போதும்.

கடினத்தன்மையை நான் ஒதுக்குவதாகத் தோன்றலாம். எது எதைக் கீறும் என்று பார்த்து 1812இல் மோஸ் வகுத்த, 1 முதல் 10 வரையிலான வரிசையை நான் குறை சொல்லவில்லை. கால்சைட் 3, ஃப்ளூரைட் 4, குவார்ட்ஸ் 7, டோபாஸ் 8, குருந்தம் 9 என்ற வரிசை பாறைத் துண்டை ஆராய்கிறவருக்கு அருமையான கருவி. ஆனால் படிகம் பொறுக்குகிற நமக்கு வரும் சந்தேகங்களில் முக்கால்வாசி 7க்கும் 9க்கும் இடையில்தான். "கண்ணாடியைக் கீறுது, அப்போ விலையுள்ள கல்லு" என்று ஊரில் சொல்வார்கள். கண்ணாடியின் கடினம் ஐந்தரை அளவுதான். வெங்கச்சங்கல்லும் அதைக் கீறும். பெரில் ஏழரையிலிருந்து எட்டு வரை, எனவே கண்ணாடி உங்களுக்கு இரண்டையும் பிரித்துத் தராது. டோபாஸுக்குக் குறுக்கே ஒரே தளத்தில் பிளக்கும் குணம் உண்டு, அழுத்திக் கீறும்போது தெறித்துவிடும். கீறித்தான் ஆக வேண்டும் என்றால் உடைந்த அடிப்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத மூலையில் மட்டும். அடுப்பில் சுட்டுப் பார்ப்பதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள், விரிசல் விட்டுவிடும்.

ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். குவார்ட்ஸ் 1.54 முதல் 1.55, பெரில் 1.57 அளவு, குருந்தம் 1.76 முதல் 1.77 என்று ஒளிவிலகல் எண்ணை நேரே காட்டும் நல்ல கருவிதான். சிறிய கல்லுக்குத் தராசைவிட மேல். ஆனால் தட்டையான, மெருகான முகம் இல்லாமல் அது எதையும் காட்டாது. பட்டை தீட்டிய கல் வாங்குகிறவருக்கு அது ஏற்றது. வயலில் பொறுக்குகிறவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மிச்சம் இருப்பது இரண்டு. ரத்தினப் பரிசோதனைக் கூடத்தை நாட வேண்டியது பணம் கைமாறப் போகிறது என்றால்தான். ஜெய்ப்பூரில் நகை ஏற்றுமதிக் கவுன்சிலின் ஆய்வகம் இருக்கிறது, மும்பையில் இந்திய ரத்தினவியல் நிறுவனம் இருக்கிறது. இலங்கையில் இருப்பவர்களுக்குத் தேசிய ரத்தின ஆபரண அதிகார சபை. இயற்கையா செயற்கையா, சூடேற்றி நிறம் மாற்றியதா என்பதெல்லாம் அங்கேதான் தெரியும், அதெல்லாம் வீட்டுத் தராசால் ஆகாது. ஆனால் அறிக்கையில் விலை இருக்காது. பட்டை தீட்டாத கல்லை எடுத்துக்கொள்வார்களா என்பதையும் அனுப்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

நகைக்கு ஆகாத, ஒளி புகாத, பாறையோடு ஒட்டிய, பொடிப்பொடியான படிகத்துக்கு ஜியாலஜி துறைதான் சரியான இடம். சேலம் பெரியார் பல்கலைக்கழகத்திலும் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் அந்தத் துறை உண்டு. எக்ஸ் கதிர்ச் சோதனைக்குத் துளியளவு பொடி கேட்பார்கள், அதைக் கொடுக்க மனம் இருந்தால் பதிலில் சந்தேகத்துக்கு அநேகமாக இடமிருக்காது. ராமன் நிறமாலைக் கருவி இருக்கும் இடமென்றால் பொடிகூட வேண்டாம், கல்லின்மேல் லேசர் பட்டுத் திரும்பும் ஒளியே கனிமத்தின் பெயரைச் சொல்லிவிடும். திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1928இல் கண்டுபிடித்த அதே விளைவு. அவரே பெரிய படிகப் பித்தர். அவர் சேர்த்த கனிமங்கள் பெங்களூரில் அவர் நிறுவிய ஆய்வு நிறுவனத்தில் இருக்கின்றன. துறைக்குப் போகும்போது கல்லோடு இடக்குறிப்பையும், நீங்கள் எடுத்த ஒப்படர்த்தி எண்ணையும் எழுதிக் கொண்டுபோங்கள். "இது என்ன சார்?" என்று மட்டும் கேட்கிறவரைவிட, "காங்கயம் பக்கம், பெக்மடைட் கீற்று, 2.72, வினிகரில் குமிழி இல்லை" என்று சொல்கிறவருக்கு யாரும் நேரம் ஒதுக்குவார்கள்.

என் மேசையில் இப்போது ஒரு கல் அப்படிக் காத்திருக்கிறது. சித்தம்பூண்டிப் பக்கம் ஓடையில் எடுத்த, 1.3 கிராம் எடையுள்ள சிவப்புத் துண்டு. தராசுக்கு ரொம்பச் சின்னது. போலராய்டில் வைத்தபோது நான்கு முறை தெளிவாக ஒளிர்ந்து இருண்டது, எனவே கார்னெட்டும் ஸ்பினலும் இல்லை. புற ஊதா டார்ச்சில் சிவந்து ஒளிரவில்லை. ஆனால் இரும்பு கூடுதலாகக் கலந்த கெம்பும் ஒளிராது. அடுத்த வாரம் கல்லூரிக்கு எடுத்துப் போகிறேன். டப்பாவுக்குள் இடக்குறிப்பை மடித்து வைத்தாகிவிட்டது. பெயர் எழுத வேண்டிய இடத்தில் பென்சிலால், "கெம்பு?" என்று கேள்விக்குறியோடு எழுதியிருக்கிறேன்.